குதிகாலுக்குப் பின்னால் சிவப்புத் தடி

"நித்திரை எப்பிடி?"

காலை ஆறேகாலுக்கு மருத்துவ உதவியாளர் மதுசன் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி இது. மிதிவெடி அகற்றும் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து, தறப்பாள் கொட்டிலுக்குள் கிடக்கும் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கையை நீட்டவேண்டும். இரத்த அழுத்தம் பார்ப்பான். கேள்வியைக் கேட்பான். பதிலைப் படிவத்தில் எழுதுவான். நித்திரை கொள்ளாதவருக்கு அன்று மிதிவெடிக் காணிக்குள் இடமில்லை. தொடர்ந்து இரண்டு நாள் நித்திரை இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"நல்லம், தம்பி," என்றாள் தயாளினி.

"கண் சிவந்திருக்கே அக்கா?"

"அது புழுதி."

பின்னால் நின்ற விமலேஸ்வரி குறுக்கிட்டாள். "நல்ல நித்திரையோ எண்டு கேக்கிறீர்? இவள் விட்ட குறட்டையில நான்தான் முழிச்சுக் கிடந்தனான். என்ர பங்கையும் சேர்த்துக் கொண்டிட்டாள். எழுதும், எழுதும்."

வரிசை சிரித்தது. மதுசனும் சிரித்துக்கொண்டே 'நல்லம்' என்று எழுதினான்.

தயாளினி பத்தொன்பது நாளாக ஒழுங்காகக் கண் மூடவில்லை. இன்று சாவதென்று முடிவெடுத்திருந்தாள்.

குறட்டை பொய் என்பது விமலேஸ்வரிக்குத் தெரியும். வேலையாட்கள் தங்கும் முகாமில் இருவருக்கும் ஒரே அறை. முதல் நாள் அந்தப் பொய்யைக் கெஞ்சி வாங்கியவள் தயாளினிதான். "வீட்ட அனுப்பினால் அவன் என்னைக் கொண்டுபோடுவான் அக்கா."

மல்லாவியில் இருந்த அந்த வீட்டைப் பற்றி விமலேஸ்வரிக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. தயாளினியின் இடது சுண்டுவிரல் கோணி நின்றது. கதவிடுக்கில் அதை வைத்துக் கதவை அறைந்தவன் அவள் புருஷன் சுகிர்தன். மேலுதட்டில் நான்கு தையல். அது பானை மூடியால் விழுந்த அடி. அவனை விட்டு ஓடிவந்து முகாமே கதியென்று கிடந்தாள். அதனால் விமலேஸ்வரி தினமும் காலையில் ஒரு புதுப் பொய் சொன்னாள். தோழியை அடியிலிருந்து காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். நித்திரையில்லாத அந்த மனிசிக்குள் வேறு என்ன நடக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். மகள் தேனுகாவுக்குப் பதின்மூன்று வயது. சுகிர்தன் அவளைச் செட்டிகுளத்தில் தன் தமக்கை வீட்டில் கொண்டுபோய் விட்டிருந்தான். பத்தொன்பது நாளுக்கு முன் பிள்ளை தொலைபேசியில் சொன்னாள்:

"என்னை விட்டிட்டு ஓடினனீங்கள்தானே. நீங்கள் செத்தாலும் நான் வரமாட்டன்."

பின்னால் சுகிர்தனின் இருமல் கேட்டது. சொல்லிக்கொடுத்தவன் அவன்தான் என்று தயாளினிக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? அந்த வசனம் நெஞ்சுக்குள் போய் ஓர் ஆளாக இருந்துகொண்டது. சாப்பாட்டில் கை வைத்தால் கையைத் தட்டிவிட்டது. படுத்தால் நெஞ்சில் ஏறி மிதித்தது. நடந்தால் 'போ, போய்த் துலை' என்று பிடரியில் குத்தியது.

போன ஞாயிறு, சவர்க்காரம் வாங்க இருவரும் மல்லாவிச் சந்தைக்குப் போனார்கள். சுகிர்தன் கண்டுவிட்டான். மோட்டார் சைக்கிளை அப்படியே விழுத்திவிட்டு வந்து, ஹெல்மெட்டால் தயாளினியின் காதைச் சேர்த்து அடித்தான். அவள் கத்தவில்லை, வெங்காயச் சாக்குகளின் மேல் விழுந்தாள். வயிற்றில் ஓர் உதை. இரண்டாவது உதைக்குக் காலை ஓங்கியவனின் முழங்காலில் மண்வெட்டிப் பிடி ஒன்று இறங்கியது. பக்கத்து இரும்புக் கடையில் சாத்தியிருந்ததை உருவியவள் விமலேஸ்வரி.

"ஆரடி நீ? இது என்ர மனிசி. நான் அடிப்பன்!"

"அடி பாப்பம்! இன்னொருக்கா அடி பாப்பம்!"

அடுத்த அடி மணிக்கட்டில் விழுந்தது. காய்ந்த விறகு முறிவதுபோல் ஒரு சத்தம். சுகிர்தன் கையைப் பிடித்துக்கொண்டு குந்தினான். சனம் சுற்றி நின்று பார்த்தது. வியாபாரிகள் இரண்டு பேர் அவனை இழுத்துக்கொண்டு போனபோது அவன் திரும்பிக் கத்தினான்: "நீ செத்துத் துலையடி! அப்பவாவது பிள்ளை வெக்கமில்லாமல் பள்ளிக்கூடம் போகும்!"

திங்கட்கிழமை மதுசன் வீங்கிய காதைக் காட்டிக் கேட்டபோது, "கிணத்தடியில சறுக்கினவள்," என்று சொன்னவளும் விமலேஸ்வரிதான்.

தானாகச் செத்தால் ஊர் பிள்ளையைச் சுட்டிக் கதைக்கும். வேலையில் செத்தால் கதைக்காது. நித்திரையில்லாத தலைக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

மிதிவெடிக் காணியில் ஒருவருக்கு ஒரு லேன். ஒரு மீற்றர் அகலம், இரண்டு பக்கமும் நாடா, குறுக்கே ஒரு சிவப்புத் தடி. தடிக்கு இங்கால் பார்த்து முடித்த மண். அங்கால் பார்க்காத மண். தடிக்கு முன் முழங்காலில் நின்று, அங்கால் மண்ணைப் பல் வைத்த றேக்கால் மெல்ல வழித்தெடுத்து, சுத்தமான பிறகுதான் தடியை முன்னே நகர்த்தலாம். முழங்கால் தடியைத் தாண்டக்கூடாது. பயிற்சியின் முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடும் விதி அது. எட்டு வருடத்தில் தயாளினி ஒருநாளும் தாண்டியதில்லை.

ஒன்பதேகாலுக்கு அவளுடைய றேக்கின் பல் எதிலோ உரசியது. மண் சரிந்தது. உள்ளங்கையளவில் ஒரு பச்சை மூடி வெளியே தெரிந்தது.

கையை உயர்த்தி, "மிதிவெடி!" என்று கூப்பிட்டு, பின்வாங்கவேண்டும். பிரிவுத் தலைவர் ராஜரத்தினம் வந்து பார்ப்பார். பிறகு எல்லோரையும் அகற்றிவிட்டு வெடிக்கவைப்பார்கள். நூறு தடவைக்கு மேல் உயர்ந்த கை இன்று உயரவில்லை. தயாளினி முகக்கவசத்தைத் தூக்கிவிட்டாள். சிவப்புத் தடியை எடுத்துப் பின்னால் போட்டாள். முழங்காலை முன்னே வைத்தாள்.

விமலேஸ்வரிக்கு அது ஓய்வு நேரம். பக்கத்து லேனின் வாயிலில், தண்ணீர்க் கானின் மேல் இருந்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு யாராவது பார்த்திருந்தால், ஒரு பெண் குனிந்து வேலை செய்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவள் கண்ணில் பட்டது தடி. தயாளினியின் குதிகாலுக்குப் பின்னால் கிடந்தது.

களைப்பில் வந்த பிழை என்றுதான் முதலில் எண்ணினாள். பிறகு முகக்கவசம் உயர்ந்து நிற்பதைக் கண்டாள். பத்தொன்பது காலைகள், பத்தொன்பது பொய்கள்.

அடுத்தவர் லேனுக்குள் கால் வைத்தால் வேலை போய்விடும். விமலேஸ்வரி கால் வைத்தாள். ஓடவில்லை, ஓடினால் தயாளினி பதறுவாள். நடந்தாள்.

"தயா."

"வராதேங்கோ."

"தடி பின்னுக்குக் கிடக்கு."

"தெரியும்."

விமலேஸ்வரி நிற்காமல் நடந்தாள்.

"எழும்பு. தேத்தண்ணி வந்திட்டுது."

"போங்கோ அக்கா. உங்களுக்கும் படும். போங்கோ!"

"பட்டால் படட்டும். நான் போகேல்ல."

தயாளினியின் கை மண்ணை நோக்கி நீண்டது. விமலேஸ்வரி பாய்ந்தாள். பாதுகாப்பு அங்கியின் முதுகுப் பட்டியைப் பிடித்து, நெல் மூட்டையை இழுப்பதுபோல் முழுப் பலத்தோடும் பின்னால் இழுத்தாள். இருவரும் மல்லாக்க விழுந்தார்கள். றேக் கையிலிருந்து நழுவிப் பச்சை மூடியோடு ஒட்டிக் கிடந்தது.

"விடு! விடடி என்னை!"

எட்டு வருடமாக 'அக்கா' என்றவள் 'விடடி' என்றாள். முழங்கையால் இடித்தாள். விமலேஸ்வரியின் மூக்கு நொறுங்கி இரத்தம் பீறிட்டது. அவள் விடவில்லை. தயாளினி கையைக் கடித்தாள். பல் தோலுக்குள் இறங்கியது. அப்போதும் விடவில்லை. நாடாவுக்குள் ஒரு மீற்றர் அகலத்தில், புரளவும் இடமில்லாமல், இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் அடித்தார்கள். தயாளினி காலை உதைத்து முன்னே ஊர்ந்தாள். விமலேஸ்வரி அவளைக் கணுக்காலில் பிடித்து இழுத்துக் குப்புறப் போட்டு, முதுகில் ஏறி இருந்து, பிடரியில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"சாகத்தானோ வந்தனி? நேராச் சொல்லு! சாகத்தானோ?"

மண்ணுக்குள் புதைந்த வாயிலிருந்து பதில் வந்தது.

"ஓம்."

"எத்தினை நாளா?"

"அண்டையில இருந்து. பிள்ளை சொன்ன நாளில இருந்து. என்னால ஏலாது அக்கா. அது அடிக்குது. நிப்பாட்டாமல் அடிக்குது."

விசில் கத்தியது. காணி முழுவதும் எல்லோரும் இருந்த இடத்திலேயே உறைந்தார்கள். ராஜரத்தினம் லேன் வாயிலுக்கு வந்துவிட்டார். ஐம்பது வயது, கட்டை மீசை, எதற்கும் குரல் உயர்த்தாதவர். இன்று உயர்த்தினார்.

"என்ன நடக்குது உங்க? விமலேஸ்வரி! என்ன நடக்குது எண்டு கேக்கிறன்!"

தயாளினி கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தாள். ஒரு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் கெஞ்சியது. விமலேஸ்வரியின் வாயில் பொய் தயாராகவே இருந்தது: பாம்பு. பாம்பைக் கண்டு பயந்துவிட்டாள், இழுத்துவிட்டேன். இந்தக் காட்டில் பாம்பென்றால் யாரும் நம்புவார்கள். இருபதாவது பொய்.

இரத்தத்தைத் துப்பினாள்.

"அண்ணை, இவள் சாகப் போனவள். தெரிஞ்சுகொண்டு தடியைப் பின்னுக்குப் போட்டவள். மூண்டு கிழமையா நித்திரை இல்லை. நான்தான் ஒவ்வொரு நாளும் பொய் சொன்னனான்."

தயாளினி உடம்பைத் திருப்பி அவள் முகத்தில் துப்பினாள்.

"துரோகி!"

அந்தச் சொல்லைக் கேட்டதும் பக்கத்து லேன்களில் நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இந்த மண்ணில் அந்தச் சொல்லைச் சூட்டி ஆட்களைக் கொன்றிருக்கிறார்கள். விமலேஸ்வரி எச்சிலைத் துடைக்கவில்லை. பட்டியில் பிடித்த பிடியையும் விடவில்லை.

தறப்பாள் கொட்டிலில் மதுசன் ஒருத்தியின் மூக்கில் பஞ்சை அடைத்துவிட்டு, மற்றவளின் முன்னால் தரையில் குந்தினான். கையில் படிவம் இல்லை.

"அக்கா, அந்த நினைப்பு இப்பவும் இருக்கோ?"

"இருக்கு."

"சரி. இண்டைக்கு உங்களைத் தனிய விடமாட்டம். கக்கூசுக்குப் போனாலும் வாசலில ஆள் நிக்கும். கோவிக்கக்கூடாது."

தயாளினிக்கு ஒரே பயம்தான் இருந்தது. "வீட்ட அனுப்பப் போறீங்களோ?"

"எந்த வீட்ட?" என்றார் ராஜரத்தினம்.

அவள் சுண்டுவிரலைக் காட்டினாள். பிறகு காதைக் காட்டினாள். பிறகு மேற்சட்டையை விலாவரைக்கும் தூக்கிக் காட்டினாள். வயிற்றில் உதை விழுந்த கறுப்பை ராஜரத்தினம் பார்த்தார்.

"பிள்ளை, உம்மை அந்த வீட்ட அனுப்பினால் என்னைச் செருப்பால அடியும்."

றேக் மூடியோடு ஒட்டிக் கிடந்ததால் அதை எடுக்க முடியவில்லை. மிதிவெடியை அங்கேயே வெடிக்கவைத்தார்கள். மதியம், பாதுகாப்பான தூரத்தில் எல்லோரும் நின்றார்கள். சைரன் மூன்று முறை ஊதியது.

வெடித்தது. காதைக் கிழித்தது. கறுப்பு மண் பனை உயரத்துக்கு எழுந்து, கல்லும் வேரும் இரும்பும் மழையாகக் கொட்டியது.

தயாளினியின் உடம்பு அவளைக் கேட்கவில்லை. குப்புற விழுந்து, இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, முழங்காலை வயிற்றோடு மடக்கிச் சுருண்டது. விமலேஸ்வரி அவள்மேல் கவிழ்ந்து கிடந்தாள். புகை அடங்கியபோது றேக்கின் தலை பூவரச மரத்தில் முறுகித் தொங்கியது. தயாளினி அதைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் திரும்பி, குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி எடுத்தாள்.

அன்று பின்னேரமே மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் சேர்த்தார்கள். முதல் நாள் குளிசையைத் தாதியின் முகத்தில் எறிந்தாள். இரண்டாம் நாள் கட்டில் கம்பியைப் பிடித்து உலுப்பினாள். மூன்றாம் நாள் பதினான்கு மணித்தியாலம் நித்திரை கொண்டாள். நான்காம் நாள் பெண் வைத்தியர் ஒருவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, பிள்ளை சொன்னதை முழுவதும் கேட்டார். நடுவில் ஆறுதல் சொல்லவில்லை. அழுது முடியும்வரை எழும்பவும் இல்லை.

ஒன்பதாம் நாள் விமலேஸ்வரி அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். கிளிநொச்சிப் பக்கம், வாய்க்கால் கரையில் ஒரு குடியேற்றத் திட்டம். புருஷன் அப்புத்துரை மூன்று ஏக்கர் வயல் செய்கிறவர். அவர்கள் வருமுன்னரே பயிருக்கு அடிக்கும் மருந்துப் போத்தல்கள் அத்தனையையும் சாக்கில் கட்டி, பக்கத்து வளவுப் பொன்னையா வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வந்திருந்தார். கொட்டிலில் மருந்து வைக்கும் தட்டு வெறுமையாக இருந்தது.

"என்னாலதானே?" என்று கேட்டாள் தயாளினி.

அப்புத்துரை விமலேஸ்வரியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

"ஓம் பிள்ளை. உன்னாலதான்," என்றார். "சாப்பிட வா."

அந்த நினைப்பு போய்விடவில்லை. மூன்று மணி வெயிலில், வீடு அமைதியாகும் நேரத்தில், கதவை உடைக்க வந்தவனைப்போல் வந்தது. முதல் வாரம் ஒரு சாப்பாட்டுக் கோப்பையைச் சுவரில் அடித்தாள். கண்ணாடியைக் குத்திக் கையைக் கிழித்துக்கொண்டாள். அன்று விமலேஸ்வரி அவளைக் கூட்டிக்கொண்டு மறுபடி வைத்தியரிடம் போனாள், குளிசை மாறியது. மதுசன் எழுதித் தந்த 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்குத் தயாளினி இரண்டு முறை எடுத்தாள். முகம் தெரியாத ஒரு குரல் தமிழில் கேட்டது, அவள் பேசினாள். ஆனால் மூன்று மணிக்கு விமலேஸ்வரி கண்டுபிடித்த வழி வேறு.

"வந்திட்டுது அக்கா."

"வந்திட்டானோ? சரி, உலக்கையை எடு. அவன்ர மண்டையில போடு."

உரலில் ஊறின அரிசி. தயாளினி இடித்தாள். தோள் எரியும்வரை, கொப்புளம் உடையும்வரை, வாயில் வந்த தூசணமெல்லாம் தீரும்வரை இடித்தாள். விமலேஸ்வரி எதிரில் நின்று மாறி மாறிக் குத்தினாள். ஒரு மாதமாக அந்த வீட்டில் பிட்டும் இடியப்பமும் தவிர வேறெதுவும் இல்லை.

"இனி மாக் கடை ஒண்டு போடலாம்," என்றார் அப்புத்துரை கோப்பையைப் பார்த்து. "நெல்லு விதைச்சு எனக்கு ஒண்டும் மிஞ்சேல்ல."

நான்காவது கிழமை சுகிர்தன் வந்தான். கட்டுப்போட்ட கையோடு படலையை உதைத்துத் திறந்தான். தயாளினி உலக்கையோடு நின்றாள். அவள் ஓங்கவில்லை, அவன் நல்ல கையால் ஓங்கினான். தையல் போட்ட உதடு மறுபடி பிளந்தது. அவள் விழவில்லை. இரத்தம் வழிய, வாய்க்கால் கரை முழுவதும் கேட்கக் கத்தினாள்:

"இவன்தான் என்ர விரலை முறிச்சவன்! இவன்தான் காதில அடிச்சவன்! எல்லாரும் வந்து பாருங்கோ!"

பதினைந்து வருடத்தில் முதல்முறையாக அதை ஊர் கேட்கச் சொன்னாள். பொன்னையா மண்வெட்டியோடு வந்தார். அவர் மகன் வந்தான். அந்த ஒழுங்கையே வந்தது. சுகிர்தனை வேலியோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்கள். பொலிஸ் வரும்வரை விடவில்லை. அவன் அவளை நெருங்கக்கூடாதென்று நீதிமன்றம் பாதுகாப்புக் கட்டளை போட்டது. அன்றிரவு தயாளினி ஐந்து மணித்தியாலம் நித்திரை கொண்டாள்.

தேனுகா வரவில்லை. ஆறாவது கிழமை தொலைபேசியை எடுத்தாள். ஒன்றும் பேசவில்லை, வைக்கவும் இல்லை. தாய் உதட்டில் தையல் வலிப்பதைச் சொன்னாள், பிட்டு அவித்ததைச் சொன்னாள். நான்கு நிமிடம் பிள்ளையின் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "நாளைக்கும் எடுப்பீங்களோ?" என்று கேட்டுவிட்டுத் துண்டித்தாள்.

எட்டாவது கிழமை, வைத்தியரின் கடிதத்தோடு தயாளினி வேலைக்குத் திரும்பினாள். விமலேஸ்வரிக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கையும் ஒரு மாத வேலை இடைநிறுத்தமும் கிடைத்திருந்தன. மூக்கு நிரந்தரமாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

தறப்பாள் கொட்டில். பிளாஸ்டிக் கதிரை. பின்னால் விமலேஸ்வரியும் மற்றப் பத்துப் பேரும்.

"நித்திரை எப்பிடி அக்கா?" என்றான் மதுசன்.

தயாளினி வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள்.

"ரெண்டு மணித்தியாலம்," என்றாள் சத்தமாக. "விடியப்புறம் அந்த நினைப்பு வந்தது. விமலக்காவை எழுப்பினனான்."

"எழுப்பினவளோ? விலாவில உதைஞ்சவள்!" என்றாள் விமலேஸ்வரி. "வேணுமெண்டால் காட்டுறன், கறுத்துப் போச்சு."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். மதுசன் எழுதினான்.

"இண்டைக்கு லேன் இல்லை. றேக் பல்லுகள் நேராக்கிற வேலை, கொட்டிலுக்குள்ள. நாளைக்குப் பாப்பம்."

"வீட்ட?"

"வீடென்ன வீடு. பத்து மணிக்கு எனக்குத் தேத்தண்ணி நீங்கள்தான் போடவேணும்."

தயாளினிக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. எட்டு வருடம் வேலை செய்தவளைக் கொட்டிலுக்குள் இருத்துகிறார்கள். கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்தாள். சுத்தியலைத் தூக்கி வளைந்த றேக் ஒன்றின்மேல் ஓங்கிப் போட்டாள். இன்னொன்று. இன்னொன்று. காணி அதிர்ந்தது.

பத்து மணிக்கு விமலேஸ்வரி லேனிலிருந்து வெளியே வந்து, வழக்கம்போல் தண்ணீர்க் கானின் மேல் இருந்தாள். தயாளினி கேத்திலோடு கொட்டில் வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கக் கூப்பிட்டாள்:

"துரோகி! தேத்தண்ணி ஆறுது, வாங்கோ!"

பத்துப் பேரும் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். விமலேஸ்வரி சாய்ந்த மூக்கைத் தடவிக்கொண்டு எழுந்தாள்.

"சீனி கூடப் போட்டனியோ?"